குறுக்குத்துறையில் எடுத்த ஐந்து படங்கள்

அந்தப் பழைய ஜப்பான் கேமராவை எடுத்தாலே உள்ளங்கை நிறைந்துவிடும். உடம்பு முழுக்க உலோகம், கழற்ற முடியாத லென்ஸ். மேலே இருக்கும் சின்னக் கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தால் எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிவார். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தை மெல்லத் திருகினால் இரண்டும் ஒன்றாகும். அந்தத் திருகலுக்காகவே நான் படம் எடுக்கிறேனோ என்னவோ.

என் மனைவிக்குப் படம் எடுத்தால் ஆகாது. கல்யாண ஆல்பத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பாள். போன மாசியில் குறுக்குத்துறையில், தாமிரபரணியின் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, திடீரென்று, "சரி, எடுங்க" என்றாள். ஆறும் இரண்டு, அவளும் இரண்டு. திருகத் திருக ஒன்றானார்கள். ஐந்து படம் எடுத்தேன். பல் தெரிய, தலை சாய்த்து, அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

கழுவி வந்த ஃபிலிமில் அதற்கு முன் எடுத்த கொக்கும் கல்மண்டபமும் இருந்தன. அவளுடைய ஐந்து கட்டங்களும் வெறுமை. மணல் படாமலிருக்க லென்ஸுக்குப் போட்ட மூடியைக் கழற்றவே இல்லை நான். பார்க்கிற சன்னல் வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு, அதனால் தெரியவில்லை.

தயங்கித் தயங்கி அவளிடம் சொன்னேன்.

"எனக்கு அங்கனயே தெரியுமே. மூடி கெடந்ததுனாலதான நின்னேன்."

"சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா தொறந்திருப்பியல்லா?"

கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா? நேற்று மறுபடி ஆற்றுக்குப் போனோம். அவளே, "எடுங்க" என்றாள். மூடியைத் தொட்ட விரலை என்ன செய்வதென்று விளங்காமல் நின்றேன்.