திரையில் ஆடிய சிவப்பு நூல்

சிவப்புக் கம்பளி நூல், ஒரு சாண் நீளம் இருக்கும். எங்கள் விமானி, கேப்டன் அம்மாள், சிமென்ட் தரையில் மண்டியிட்டு அதை ஹெலிகாப்டரின் இடது ஸ்கிட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். சக்கரத்துக்குப் பதிலாக ஹெலிகாப்டர் ஊன்றி நிற்கும் இரண்டு நீளக் குழாய்களைத்தான் ஸ்கிட் என்போம். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஹெலிகாப்டரின் வயிற்றுக்கடியில் காமிராவைப் பொருத்தி, அதன் படத்தை விமானியின் எதிரே இருக்கும் திரைக்குக் கொண்டுவர நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. காமிரா அனுப்பும் படம் அந்தத் திரைக்கு அப்படியே புரியாது. நடுவில் ஒரு சிறு பெட்டி உட்கார்ந்து அதற்குப் புரிகிற விதத்தில் மாற்றிக் கொடுக்க வேண்டும். எல்லாம் ஒருவழியாகக் கூடிவந்து, கண்ணாடி போலப் படம் விழுந்த அன்று இந்த அம்மாள் போய் அதன் குறுக்கே நூல் கட்டுகிறார்!

“படத்துல எந்நேரமும் ஆடிகினே இருக்கும் மேடம், அசிங்கமா” என்றேன்.

“ஆடட்டும்ப்பா. அது ஆடுற வரைக்கும் படம் உயிரோட இருக்குன்னு அர்த்தம்” என்றார். மேலே பறக்கும்போது இறக்கைக் காற்றில் அந்த நூல் ஒரு நொடியும் சும்மா இருக்காது. நானும் தலையாட்டிவைத்தேன். மனசுக்குள் ஒப்பவில்லை.

சென்னையில் ஒரு தனியார் ஹெலிகாப்டர் கம்பெனியில் எனக்கு வேலை. திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். உயர் அழுத்த மின்கம்பிகளை மேலிருந்து பார்த்துப் பழுது கண்டுபிடிப்பதுதான் எங்கள் கம்பெனியின் முக்கியப் பிழைப்பு. வீட்டில் இதையெல்லாம் விளக்கி மாளாது. அக்காவின் கணவர், என் பாவா, ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தது வேறு: “எங்க மச்சான் ஏரோப்பிளானுக்கு கேபிள் டிவி கனெக்‌ஷன் குடுக்குறான்.” கேட்கும்போது கோபம் வரும். யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய தப்பும் இல்லை. நிலம், நெல், கரும்பு என்று ஆற்றோரத்தை விட்டு நகராத மனிதர் அவர். கேலி பேசாமல் ஒரு வாய் சோறு இறங்காது.

அந்த மழைக்காலத்தில் ஆந்திரா பக்கம் பெய்த மழையும் சேர்ந்து கொசஸ்தலை ஆறு கரையை உடைத்துக்கொண்டது. மின்கோபுரங்களைப் பார்க்க நாங்கள் ஹெலிகாப்டரோடு திருத்தணிக்கு வந்து, மலையடிவாரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் நின்றிருந்தோம். காலையில் மழை விட்டிருந்தது. அக்காவிடமிருந்து போன் வந்தது. “உங்க பாவா மோட்டார கழட்டி மேல வெக்கிறேன்னு விடியகாலமே கழனிக்குப் போனாரு. இன்னும் வர்ல. போனும் போவல. தண்ணி ரோட்டு மேல ஓடிகினு இருக்குதுடா.” ஆற்றோரத்தில் பம்புசெட்டுக் கொட்டகையின் கூரைமேல் இரண்டு பேர் நிற்பதாகத் தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, அதில் ஒருவர் பாவாவாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். வெள்ளத்துக்கு நடுவில் ஒருவர் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

கேப்டனிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். “கூரை மேல யார் நின்னாலும் நமக்கு ஒண்ணுதான். அதை மனசுல வெச்சுக்க முடியும்னா ஏறு” என்றார். ஏறினேன்.

மேலிருந்து பார்த்தால் எனக்குத் தெரிந்த ஊர் எதுவுமே இல்லை. கழனி, வரப்பு, வண்டிப்பாதை எல்லாம் ஒரே செம்மண் தண்ணீர். நடுவில் அந்தக் கொட்டகை. பக்கத்தில் ஒற்றைத் தென்னை. கூரைமேல் பாவா ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். அவரை ஒட்டிக்கொண்டு, களையெடுக்க வருகிற பெரியம்மா ஒருவர். அந்தக் கூரை ஹெலிகாப்டரின் எடையைத் தாங்காது. இடது ஸ்கிட்டை மட்டும் விளிம்பில் தொட்டும் தொடாமலும் வைத்து, மிதந்தபடியே ஆளை ஏற்ற வேண்டும். வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் விமானிக்கு அந்த ஸ்கிட் கண்ணில் படாது. அதற்குத்தான் காமிரா. திரையில் ஸ்கிட்டும் கூரை விளிம்பும் தெளிவாகத் தெரிந்தன. நடுவில் ஒரு முழ இடைவெளி. கேப்டன் அங்குலம் அங்குலமாக இறக்கினார். நான் பின்னால் இருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று ஹெலிகாப்டர் மேலே எழும்பியது. காற்றுதான் தூக்கிவிட்டது என்று நினைத்தேன்.

“நூல் நின்னுடுச்சு” என்றது ஹெட்செட்டில் கேப்டனின் குரல். “படம் செத்துப்போச்சு.”

திரையைப் பார்த்தேன். படம் அழகாக இருந்தது. அதே இடைவெளி, அதே கூரை. சிவப்பு நூல் மட்டும் வரைந்து வைத்தது போல ஒரு பக்கமாக நீட்டியபடி நின்றிருந்தது. நடுவில் இருந்த பெட்டி உறைந்துபோய், கடைசியாக வந்த படத்தையே காட்டிக்கொண்டிருந்தது. திரையில் பாவா கையைத் தூக்கியபடி நின்றார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், உண்மையான பாவா அந்தப் பெரியம்மாவை அணைத்துக்கொண்டு கூரையோடு கூரையாகக் குப்புறப் படுத்திருந்தார். எங்கள் வால் தென்னை மட்டையை உரசுகிற தூரத்துக்குப் போயிருந்தது. கூரைமேல் இரண்டு உயிர், உள்ளே இரண்டு உயிர், இத்தனைக்கும் நடுவில் இந்த அம்மாள் ஒரு நூலைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். அடேயப்பா! இன்றைக்கு நினைத்தாலும் மயிர்க்கூச்செறிகிறது.

“கதவைத் திற. பெல்ட்டு இருக்கட்டும். படுத்துக்கிட்டுப் பார்த்துச் சொல்லு” என்றார். காய்கறிக்காரரிடம் விலை கேட்கிற குரல்.

இடது கதவைத் தள்ளித் தரையில் படுத்து, தலையை வெளியே நீட்டினேன். காற்று முகத்தில் அறைந்தது. என் வாயில் அன்று வந்தது எங்கள் வீட்டுப் பேச்சு மட்டும்தான். “இடது பக்கம் மேடம்... இன்னும் ஒரு முழம்... ஆங், நில்லுங்க... கீழ... கீழ... ஒரு கை அளவுதான்... ஆங், ஒட்டிகிச்சு!” நான் ஒரு கை என்றால் ஒரு கைதான் இறங்கியது. அத்தனை பெரிய இயந்திரம் என் நாக்கின் நுனியில் நின்றது. அப்படி ஒரு நம்பிக்கையை அதற்கு முன்னாலும் பின்னாலும் யாரும் என்மேல் வைத்ததில்லை.

ஒரே பக்கம் இரண்டு பேர் ஏறினால் சாய்ந்துவிடும். ஒருவர் மட்டும் என்று விரலைக் காட்டினேன். பாவா யோசிக்கவே இல்லை. பெரியம்மாவைத் தூக்கி என் கைக்குத் தள்ளிவிட்டு, விளிம்பை விட்டு நகர்ந்து குந்திக்கொண்டார். தண்ணீர் கூரைக்கு அரை முழம் கீழே ஓடியது. “போலாம் மேடம்” என்று நான்தான் சொல்ல வேண்டும். சொன்னேன்.

பெரியம்மாவை மேட்டு ரோட்டில் இறக்கிவிட்டுத் திரும்பியபோது கூரைமேல் தண்ணீர் ஏறியிருந்தது. பாவா முழங்காலளவு தண்ணீரில் நின்றார். அதற்குள் பெட்டி தானாகவே உயிர்பெற்றுத் திரையில் நூல் ஆட ஆரம்பித்திருந்தது. கேப்டன் அதைப் பார்த்துவிட்டு, “இருந்தாலும் நீயே சொல்லு” என்றார். மறுபடியும் இடது, கீழே, ஒரு கை. பாவாவின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தபோதுதான் அழுதேன். வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன்.

பள்ளி மைதானத்தில் இறங்கியதும் பாவா கேப்டனின் காலில் விழப் போனார். அவர் தடுத்து, தோளைப் பிடித்து நிறுத்தினார். “அந்தம்மாவை முதல்ல ஏத்திட்டீங்களே, நாங்க திரும்பி வருவோம்னு எப்படி நம்புனீங்க?” என்று கேட்டார்.

பாவா தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: “மொதல்ல ஒரு மெசினுதாம்மா தெரிஞ்சுது. கிட்ட வந்துது, அப்புறம் தூக்கிகினு மேல போயிட்ச்சு. அவ்ளோதான், போறாங்கன்னு நெனச்சிகினேன். அப்புறம் பாத்தா, கதவாண்ட எங்க மச்சான் மூஞ்சி. அவன் என்னை உட்டுட்டு பூடுவானா?”

கேப்டன் ஹெலிகாப்டர் வயிற்றுக்கடியில் இருந்த காமிராவைக் குனிந்து பார்த்தார். பிறகு அந்தத் திறந்த கதவைப் பார்த்தார். மறுநாள் இன்னொரு கிராமத்துக்குக் கிளம்பும்போது படம் பளிச்சென்று வந்துகொண்டிருந்தது. ஆனாலும், “ஆளை ஏத்தப் போனா கதவைத் திற. ஒரு முகம் வெளியே தெரியணும்” என்றார். அதன்பின் அவர் ஓட்டிய ஒவ்வொரு மீட்பிலும் அதுவே சட்டமானது.

வருஷங்கள் போய், அவரும் பறப்பதை நிறுத்தி, மகள் வீட்டோடு வெளியூர் போய்விட்டார். இப்போது வரும் திரைகள் பெரியவை. படம் உறைந்தால் அவையே சிவப்பெழுத்தில் கத்துகின்றன. போன மழைக்கு, வயதில் சின்னவரான புதுக் கேப்டன் ஒருவர், “இவ்வளவு கிளியரா தெரியுதே சார், கதவை எதுக்குத் திறக்கணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நமக்குத் தெரிகிறது, கீழே நிற்பவர்களுக்கு என்ன தெரிகிறது என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “திறங்க சார்” என்றார். கதவு நகர்ந்ததும், கீழே கை ஆட்டிக்கொண்டிருப்பவர்கள் ஆட்டுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து ஒரு முகத்தைத் தேடுவார்கள். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். நான் தலையை நன்றாக வெளியே நீட்டிக் காட்டிவிடுவேன்.