வாயை நல்லாத் திறங்க

"வாயை நல்லாத் திறங்க" என்று சொல்லி, சிறு கண்ணாடியையும் வளைந்த கம்பியையும் உள்ளே விட்ட பிறகுதான் பல் டாக்டர் நலம் விசாரிக்க ஆரம்பிப்பார். "பையன் வேலைக்குப் போறானா?" நாற்காலியில் மல்லாந்து கிடப்பவர் "ங்ஆ" என்பார். "அப்படியா, ரொம்ப சந்தோஷம். கல்யாணம் பேசறீங்களா?" "ங்ஆ." "சீக்கிரம் முடிங்க, இந்தக் காலத்துல தள்ளிப்போடக் கூடாது." ஒரு கடைவாய்ப் பல்லை அடைத்து முடிப்பதற்குள் ஒரு குடும்பத்தின் கதையை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துகொண்டதாக நினைத்துக்கொள்வார். வேலை தேடி அலைகிற பையன்கள் பலருக்கு அவர் இப்படித்தான் உத்தியோகம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பிறக்காத பேரனுக்கு வாழ்த்துச் சொன்னதும் உண்டு.

பல்லைப் பிடுங்கியானதும் பஞ்சை உருட்டி ஈறில் வைத்து, "இறுக்கிக் கடிச்சுக்குங்க. அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது" என்பார். அவருக்கு மிகவும் பிடித்த நோயாளிகள் இவர்கள்தாம். வெளி அறையில் உட்காரவைத்து, அடுத்தவரை அழைக்கும்வரை அவர்களோடு உலக நடப்பைப் பேசித் தீர்ப்பார்.

ஆள் பருமன், கை மட்டும் பூப்போல. ஊசி இறங்கியதே தெரியாது. "எனக்கு வலிக்காம ஊசி போடத் தெரியும், வலிக்காமப் பேசத்தான் தெரியாது. ஊரார் பல்லுக்கெல்லாம் கிளிப் மாட்டறேன், என் நாக்குக்கு ஒண்ணு கிடைக்க மாட்டேங்குது" என்று தன்னையே கிண்டலடித்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். அந்தக் கிண்டலையும் அவரே செய்துவிடுவதால் மற்றவர்களுக்கு அதில்கூட இடம் கிடையாது. நர்ஸ் அக்கா மட்டும் விதிவிலக்கு. டாக்டரைவிட மூத்தவர், உறிஞ்சு குழாயைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பவர். "எச்சியை உறிஞ்ச மிஷின் வாங்கிட்டீங்க. பேச்சை உறிஞ்ச ஒண்ணு வந்தா சொல்லுங்க டாக்டர், நானே பிடிச்சுக்கறேன்" என்பார்.

சபையில் புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டத்தை நடத்துவதும் இதே வாய்தான். போன மாதம் ஒரு புதன்கிழமை அவர் எடுத்துக்கொண்ட பொருள், பிறர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்பது. விசுவாசிக்கு முதலில் காது திறக்க வேண்டும், நாவு கடைசியில்தான் அசைய வேண்டும் என்று வெளுத்து வாங்கினார். முன்வரிசைத் தாத்தா தூங்கி விழித்து மறுபடி தூங்குகிறவரைக்கும் பேசினார். பிறகு, "யாருக்காக, எதுக்காக ஜெபிக்கணும்னு ஜெபக்குறிப்பு இருக்கறவங்க சொல்லலாம்" என்றார்.

ஆர்கன் டீச்சர் எழுந்தார். ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிப்பவர்; யாருடனும் அதிகம் பேசாதவர். அதுவரை ஜெபக்குறிப்பு என்று ஒரு நாளும் எழுந்ததில்லை. வெளியூர் போய்விட்டு அன்றுதான் திரும்பியிருந்தார்.

"எங்க அண்ணனுக்குப் போன வாரம் இதயத்துல ஆபரேஷன் நடந்தது. அதுல…"

"ஜெபிப்போம்!" என்று கண்ணை மூடிவிட்டார் டாக்டர்.

அருமையான ஜெபம். கையை நீட்டி அந்தச் சகோதரனைத் தொடும் ஆண்டவரே என்றார். தையல் போட்ட இடம் ஆறட்டும் என்றார். அவர் சொந்தக் காலில் நடந்து இதே சபைக்கு வந்து சாட்சி சொல்லட்டும் என்றார். கடைசி ஆமெனுக்குக் கூரை அதிர்ந்தது. கண்ணைத் திறந்தபோது ஆர்கன் டீச்சர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணன் போயிட்டாங்க டாக்டர். அடக்கம் பண்ணிட்டுத்தான் வர்றேன்" என்றார். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று நினைத்தவர்போல் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் சபைப் பக்கம் வரவில்லை. ஆர்கன் துணி போர்த்திக் கிடந்தது. சபையார் ஒரு சுருதியில் எடுத்த பாட்டு வேறொரு சுருதியில் போய் நின்றது.

டாக்டர் என்ன செய்தார்? வழக்கம்போல் பேசினார். வாய் திறந்து கிடந்த அத்தனை பேரிடமும், "செத்தவருக்குச் சுகம் கேட்டு ஜெபிச்ச மகானைப் பாத்திருக்கீங்களா? இதோ, உங்க பல்லைக் குடையறாரு" என்று சொல்லிச் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் அவர் மனைவிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"உங்களையே திட்டிக்கறதும் பேச்சுதாங்க" என்றார் ஒரு நாள், விடைத்தாள் திருத்திக்கொண்டே. "அன்னைக்கு அவங்க வேற என்னமோ சொல்ல வந்தாங்களே, அது என்னன்னு போய்க் கேட்டீங்களா?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. ஆர்கன் டீச்சர் வீட்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வழியெல்லாம் மன்னிப்பை அழகழகாகச் சோடித்துக்கொண்டுதான் போனார். கதவைத் தட்டக் கை வரவில்லை. அந்த அம்மா இனி யாரிடமும் எதையும் சொல்லாமலே இருந்துவிட்டால் அதற்குக் காரணம் தன் வாய்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. சிரிப்புக்கு மட்டும் குறைச்சலில்லை.

போன வெள்ளிக்கிழமை ஆர்கன் டீச்சருக்குக் கன்னம் வீங்கிவிட்டது. அக்கம்பக்கத்தில் வேறு பல் டாக்டர் கிடையாது. வந்தார், நாற்காலியில் சாய்ந்தார்.

"வாயை நல்லாத் திறங்க" என்றார் டாக்டர். கண்ணாடி உள்ளே போனதுதான் தாமதம், பழக்கதோஷம், அடக்கிவைத்ததெல்லாம் கொட்டியது. "அன்னைக்கு நான் செஞ்சது பெரிய தப்பும்மா. மன்னிச்சிட்டீங்கல்ல?"

"ங்ஆ."

"அப்பாடா, இப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு. நீங்க மனசுல வச்சுக்க மாட்டீங்கன்னு…"

டீச்சரின் கண்ணோரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"வலிக்குதா?"

"ங்ஆ."

நர்ஸ் அக்கா உறிஞ்சு குழாயை நிறுத்தினார். டாக்டர் தன் கையில் இருந்த கண்ணாடியைப் பார்த்தார், அது நுழைந்திருந்த வாயைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. மெல்ல அதை வெளியே எடுத்து, நாற்காலியை நிமிர்த்தி, டீச்சர் கையில் தண்ணீர்க் குவளையைக் கொடுத்தார்.

டீச்சர் கொப்பளித்துத் துப்பினார்.

"ஆபரேஷனுக்கு முந்தின நாள் அண்ணன் எனக்குப் போன் பண்ணாங்க" என்றார். "நான் எடுக்கல. அம்மா வீட்டை வித்ததுல எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்ல. மணி அடிச்சு ஓயற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். இதைத்தான் டாக்டர் அன்னைக்கு…"

டாக்டரின் நாக்கு நுனியில் ஆறுதல் வரிசைகட்டி நின்றது. வசனம் ஒன்று, அதற்கு விளக்கம் ஒன்று, தன் சொந்தத் தம்பியைப் பற்றி ஒரு சம்பவம். அவர் வாய் திறந்தது. திறந்ததைக் கண்டதுமே டீச்சர் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டார்.

டாக்டர் தட்டில் இருந்து ஒரு பஞ்சு உருளையை எடுத்தார். தன் கடைவாயில் வைத்து இறுக்கிக் கடித்தார். பிறகு சக்கர முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டு, டீச்சர் எதிரே உட்கார்ந்து, காதை அவர் பக்கமாகச் சாய்த்தார்.