தாளில் ஐம்பத்தாறு

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை நெய்வேலி குவார்ட்டர்ஸில் வைத்து வளர்த்தேன். எழுத்து அதிகம் வராது. ஆனால் என் பெயரை நானே போடுவேன். எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை.

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் பெர்மனென்ட். வேலைக்குச் சேரும்போது வயதைக் குறைத்துக் கொடுப்பது அந்த நாளில் சகஜம். எங்கள் பிளாக்கில் பாதிப் பேருக்கு ஆபீசில் ஒரு வயது, வீட்டில் ஒரு வயது. தான் இரண்டு வருஷம் குறைத்ததாக அவர் சொல்லியிருந்தார். நானும் வெளியே மூச்சு விடவில்லை.

எண்பதுகளின் நடுவில் அவருக்கு மூத்திரத்தில் ரத்தம் கண்டது. மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, புராஸ்டேட்டில் புற்றுநோய், இன்னும் பரவவில்லை என்றார்கள். டாக்டர் கம்பெனி கொடுத்தனுப்பிய தாளைப் பார்த்து, ஐம்பத்தாறுதானே, உடம்பு தாங்கும், எடுத்துவிடலாம் என்றார். அறுபத்தைந்து தாண்டியவர் என்றால் கத்தி வைக்க யோசிப்பேன், மருந்து கொடுத்துப் பார்ப்பேன் என்றும் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் மூத்திரம் அடக்க முடியாமல் கசியும், வயது குறைந்தவர்களுக்கு அது சீக்கிரம் கட்டுக்கு வந்துவிடும் என்றார்.

வெளியே வந்ததும், அந்த இரண்டு வருஷத்தை டாக்டரிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"ரெண்டு வயசுல என்னா ஆயிடப் போவுது?" என்றார்.

நர்ஸ் படிவத்தைப் படித்துக் காட்டினார். வயது ஐம்பத்தாறு. மனசுக்குள் ஐம்பத்தெட்டு என்று திருத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் முடிந்து எட்டு மாதமாகியும் மூத்திரம் நிற்கவில்லை. தடிக்கொம்பு மாதிரி இருந்த மனுஷர் சுவரைப் பிடித்து நடந்தார். ஷிப்டுக்கும் இடுப்பில் துணி கட்டிக்கொண்டு போனார். இந்த வயதுக்கு இது ஆகக் கூடாதே என்று டாக்டரே குழம்பினார்.

கம்மாபுரத்திலிருந்து அவருடைய தங்கை பார்க்க வந்தாள். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு,

"எனக்கே அறுபத்திரெண்டு முடியுது அண்ணி. அண்ணன் எனக்கு நாலு வயசு மூத்தது. இனிமே எங்க தேறும்?" என்றாள்.

அறுபத்தாறு. எனக்கும் அவருக்கும் பத்து வயதுதான் வித்தியாசம் என்று நம்பிக் குடித்தனம் நடத்தியவள் நான். அவள் பஸ் ஏறிய பிறகு அவரிடம் போய் நின்றேன். டாக்டரிடம் சொன்னால் ஆஸ்பத்திரித் தாளில் ஏறிக் கம்பெனிக்குப் போகும், வேலை போய்விடும் என்றார்.

"டாக்டர வுடுங்க. எங்கிட்ட ஏன் சொல்லல?"

இடுப்புத் துணியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒனக்குத் தெரிஞ்சா நீ போயி சொல்லியிருப்ப."

ஆமாம், சொல்லியிருப்பேன். அதற்காகத்தான் என்னை ஏமாற்றியிருக்கிறார், என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். துணி துவைத்துப் போட்டேன், சோறு போட்டேன். அவர் சொல்கிற எதையும் அப்புறம் நம்பியதில்லை.

போதும் கண்ணு, பேனாவை வை. முதலிலிருந்து நிதானமாகப் படி. தாத்தா ஆயிற்றே என்று எங்கேயாவது மழுப்பி எழுதியிருக்கிறாயா, நான் கேட்க வேண்டும்.