ஸ்கந்தபுரம் சந்தியில் இல்லாத கடை

ஸ்கந்தபுரம் சந்திக்காரருக்கு ஒரு பழக்கம். ஒருவர் உரக்கடை போட்டு இரண்டு போகம் நல்லாய்ப் போனால் போதும், மூன்றாம் போகத்துக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு உரக்கடை முளைத்துவிடும். இப்படி முளைத்துத்தான் உரக்கடை மூன்று, பலசரக்குக் கடை நான்கு, சலூன் இரண்டு. ஆகவே சந்தியில் பூட்டிக் கிடந்த அறையைச் சிவலட்சுமி வாடகைக்கு எடுத்ததும், பக்கத்து உரக்கடை அப்புத்துரை ஓடிவந்தார்.

"பிள்ளை, நீயும் உரந்தானோ?"

"இன்னும் யோசிக்கேல்லை அண்ணை."

யோசிக்காமலா அறை எடுத்தாள்? மனுசனுக்கு நித்திரை போய்விட்டது.

சிவலட்சுமி சொன்னது உண்மைதான். பதினொரு வருடம் விடிய ஐந்து மணிக்குக் கிளிநொச்சி கார்மென்ட்ஸ் பஸ் ஏறியவள் அவள். பள்ளிக்கூட நாளில் மகளுக்கு ஒருதரமாவது தன் கையால் தலை பின்னிவிட்டதில்லை. அந்த ஏக்கம் தாங்காமல்தான் வேலையை விட்டாள். கடை மூன்று மாதத்தில் சரிவராவிட்டால் திரும்பவும் பஸ்தான்.

"அதுவரைக்கும் உங்கட சீற்றில ஒருத்தரையும் இருத்தமாட்டன் அக்கா" என்றான் பஸ் ஓட்டும் விஜிதரன். நல்ல பிள்ளை.

என்ன கடை போடுவது? ஒரு கிழமை சந்தியில் நின்று, கிளிநொச்சியிலிருந்து வந்து இறங்குகிறவர்களின் கைகளையே பார்த்தாள். சீனியோ உரமோ ஒருவர் கையிலும் இல்லை. குக்கர் ரப்பர், பிளாஸ்க் மூடி, தண்ணீர்ப் பம்புக்கு ஒரு வாசர். உள்ளங்கைக்குள் அடங்கும் சாமானுக்கு அரைநாளைத் தொலைத்துவிட்டு முகத்தைச் சுளித்தபடி இறங்கினார்கள். சிவலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சின்னச் சாமான்களையே வாங்கி அடுக்கிக் கடையைத் திறந்தாள். இதுவும் ஒரு கடையா என்று சந்தி சிரித்தது. அப்புத்துரை மட்டும், உரம் இல்லையென்று கண்ணால் கண்ட சந்தோசத்தில், இரண்டு பிளாஸ்க் மூடி வாங்கினார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஈ ஓட்டினாள்.

வயல் வெட்டு முடிந்து கச்சான் கடலைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைப்புத் தொடங்கியது. ஒருநாள் பம்பு நின்றுபோன ஒருவர் வாசர் தேடிக் கிளிநொச்சிக்கு ஓடப் பார்த்தார்.

"ஏன் ஓடுறாய்? பக்கத்தில பிள்ளையிட்டக் கேள்!" என்று கத்தினார் அப்புத்துரை.

ஐந்து நிமிடத்தில் பம்பு ஓடியது. மறுநாள் கடைக்கு ஏழு பேர், அடுத்த கிழமை உள்ளே நிற்க இடமில்லை. ஆனால் சிவலட்சுமி வீட்டில் வாயே திறக்கவில்லை. நல்ல காலத்தைச் சொன்னால் கண்பட்டுவிடுமாம்!

மூன்று மாதம் முடிந்த திங்கட்கிழமை. அம்மா இன்றைக்குப் போய்விடுவாள் என்ற பயத்தில் மகள் நாலரைக்கே எழும்பிச் சீப்போடு வந்து முன்னால் இருந்துகொண்டாள். சிவலட்சுமி பின்னத் தொடங்கினாள். படலையடியில் பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. மகளின் தோள் இறுகியது.

சிவலட்சுமி சீப்பும் கையுமாய் வெளியே போனாள்.

"அக்கா, ஏறுறியளோ?"

"இல்லைத் தம்பி. என்ர சீற்றில வேற ஆரையும் இருத்து."

பஸ்ஸுக்குள் பெண்கள் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். "அக்கா, என்ர குடைக்குக் கைபிடி கிடக்கோ?" என்று ஒருத்தி யன்னலால் தலையை நீட்டினாள்.

"பின்னேரம் கடைக்கு வா. இப்ப எனக்கு நேரமில்லை, இன்னும் ஒரு பக்கம் பின்னக் கிடக்கு."