மோர்ப்பந்தலைத் தாண்டிய ஓட்டம்

வெயிலைப் பற்றி யாராவது புலம்பினால் எனக்கு எரிச்சல் வரும். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு புலம்புகிறவர்களைக் கண்டால் இரட்டிப்பு எரிச்சல். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் சிமெண்டு ரோட்டில், செருப்பில்லாத காலோடு, உச்சிப்பொழுதில் ஒரு பங்குனி மாதம் முழுக்க ஓடியவன் நான். போக ஆறு மைல், வர ஆறு மைல். இதை எழுத உட்காரும்போதே முட்டி வலிக்கிறது.

எல்லைக் கிளர்ச்சி நடந்த வருடங்கள் அவை. எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம். இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று இன்னொரு கூட்டம். எங்கள் வீட்டில் தமிழ். மூன்று வீடு தள்ளியிருந்த என் சிநேகிதன் வீட்டில் மலையாளம். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாங்கள். இரண்டு வீட்டிலும் இரண்டு பேச்சும் புரியும், இரண்டு வீட்டிலும் மரச்சீனிக் கிழங்குதான் வேகும். எங்களுக்குள் சண்டை வந்ததெல்லாம் யாருக்கு முதலில் மூச்சு வாங்கியது என்பதில்தான்.

சித்திரையில் திருவனந்தபுரத்தில் ஒரு நெடுந்தூர ஓட்டப் போட்டி இருந்தது. பன்னிரண்டு மைல். நாங்கள் இருவரும் பெயர் கொடுத்திருந்தோம். முதல் ஐந்து பேருக்குள் வந்தால் ஒரு சர்க்கார் ஆலையில் வேலை கொடுப்பார்கள்; அந்த ஆலைக்கு ஓட்டக்காரர்கள் தேவைப்பட்டார்கள். என் அப்பா தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்துவிட்டவர். எனக்குக் கீழே நான்கு பேர். வேலைக்கு எடுக்கும் முன் போலீஸ் ஸ்டேஷனில் விசாரிப்பார்கள் என்றும், எந்தப் பக்கத்து மனுவிலும் பெயர் இருக்கக் கூடாது என்றும் கேள்விப்பட்டிருந்தோம். நான் அந்த வேலையைத்தான் சோறாகவும் கூரையாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் ஓடக்கூடாதா என்று கேட்பீர்கள். ஓடிப் பார்த்தேன். ஒரு நாள் காலை ஊர்வலம் ஒன்றை போலீஸ் கலைத்தது. ஓடுகிறவனையெல்லாம் அடித்தார்கள். நானும் ஓடிக்கொண்டிருந்தேன். முதுகில் இரண்டு அடி விழுந்த பிறகுதான், அந்தக் காலத்தில் ஒரு மனுஷன் சும்மா ஓடுவான் என்பதை யாரும் நம்ப மாட்டார்கள் என்று புரிந்தது. சாயங்காலம் பொதுக்கூட்டங்கள். மிச்சம் இருந்தது மத்தியானம்தான். அப்போது போலீஸ்காரர்களும் புளியமரத்தடியில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணயர்வார்கள். ரோடு எங்களுக்கு.

அந்த ரோட்டில் இரண்டு மோர்ப்பந்தல்கள் இருந்தன. உதியன்குளங்கரையில் எங்கள் பக்கத்தார் போட்டது, அமரவிளையில் மறுபக்கத்தார் போட்டது. இரண்டும் ஒரே மாதிரி தென்னோலைப் பந்தல், ஒரே மாதிரி மண்பானை, மோரில் ஒரே இஞ்சி, ஒரே கறிவேப்பிலை. கொடியும் பலகையில் எழுதிய எழுத்தும்தான் வேறு. மோர் குடித்தவர்களிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்பார்கள்; எங்கள் பேச்சில் ஒப்பு. மனு. முறைத்தோ மிரட்டியோ கேட்க மாட்டார்கள். வயிறு குளிர்ந்தவன் தானாகவே போட்டுவிட்டுப் போவான்.

அதனால் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். இரண்டு பந்தலிலும் குடிப்பதில்லை. அமரவிளைப் பாலத்துக்குக் கீழே ஆற்றில் இறங்கிக் குடித்துக்கொள்வது. கோடையில் ஆறு மெலிந்து மணலாகக் கிடந்தாலும் ஓரமாகத் தெளிந்த நீர் ஓடும். தலையை முக்கிவிட்டு ஏறினால் பாறசாலை வரைக்கும் தாக்குப் பிடிக்கும். இந்த ஏற்பாட்டை நினைத்து எங்களுக்குப் பெருமை வேறு.

போட்டிக்கு எட்டு நாள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் பாலத்தருகே கல்லெறி நடந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. போகும்போது பார்த்தோம், ஆற்றுக்கு இறங்கும் படியில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். திரும்பி வரும்போதும் நின்றார்கள். ஒருவன் லத்தியை ஆட்டி, போ போ என்றான். போனோம்.

அமரவிளைப் பந்தலைத் தாண்டினோம். என் சிநேகிதன் காலையிலிருந்தே தலைவலி என்று சொல்லியிருந்தான். நான்தான், ஓடினால் சரியாகிவிடும் என்று கூட்டிவந்தேன். சிமெண்டுச் சூடு பொறுக்காமல் ஓரத்துச் செம்மண்ணில் இறங்கினோம், அதுவும் சுட்டது. அவன் ஒரு காலை ரோட்டிலும் ஒரு காலை மண்ணிலும் வைத்து ஓடினான். தோளைத் தொட்டுப் பார்த்தேன். வியர்வையே இல்லை. காய்ந்து கொதித்தது. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உதியன்குளங்கரைப் பந்தல் தெரிந்ததும் அவன் நின்றான்.

“மக்கா, நான் கொறச்சு வெள்ளம் குடிச்சிட்டு வாறேன். ஒப்பு கேட்டா போட்டுக் குடுக்கேன்.”

அது என் பக்கத்தாரின் பந்தல். அதில் பெயர் எழுதினால் அவன் வீட்டில் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான். எனக்கோ வேறு கவலை. பந்தலில் இருந்தவர் என் அப்பாவுக்குப் பழக்கமானவர். அவன் உள்ளே போனால் நானும் போக வேண்டும். என் கையிலும் பேனாவைக் கொடுப்பார். அப்பா பெயரைச் சொல்லிக் கேட்பார். என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

“எலே, நில்லாதே. இன்னும் கொஞ்சம் போனா எனக்க சித்தப்பா வீடு உண்டு. அங்க கெணறு கெடக்கு” என்றேன்.

“ஒரு துள்ளி மதி மக்கா.” ஒரு துளி போதுமாம்.

நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். பந்தலுக்குள் ஈரத்துணி சுற்றிய பானையைப் பார்த்துக்கொண்டேதான் ஓடினேன். சித்தப்பா வீடு அரை மைல் தூரம். பாதி தூரத்தில் அவன் எங்கள் பழைய பள்ளிக்கூட வாத்தியார் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டான். பிறகு கால் மடங்கி விழுந்தான். விழுந்தவன் கை ஊன்றவில்லை.

அதற்குப் பிறகு நான் ஓடியதுதான் என் வாழ்நாளில் ஓடிய வேகமான ஓட்டம். வந்த வழியே பந்தலுக்கு ஓடினேன். “அங்க விழுந்துட்டான், வெள்ளம்” என்று மூச்சிரைக்கச் சொன்னேன். பலகையில் கிடந்த தாளை இழுத்துப் பேனாவை எடுத்தேன். அந்த மனுஷர் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார்.

“இது இப்ப எதுக்கு? வெள்ளத்தைக் கொண்டு போ மக்கா. ஒப்பு பின்ன போடலாம்.”

பானையைத் தானே தூக்கிக்கொண்டு என்னோடு ஓடிவந்தார். தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை நனைத்து அவன் தலையிலும் மார்பிலும் போட்டார். விழுந்தது யார் வீட்டுப் பிள்ளை, எந்தப் பக்கம் என்று கேட்கவே இல்லை. வழியில் வந்த காளைவண்டியை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார். ஒரு மாதமாக அந்தப் பந்தலைத் தாண்டி ஓடியிருக்கிறோம். ஒப்புப் போடாமல் ஒரு டம்ளர் தருவீர்களா என்று ஒரு நாள்கூட நாங்கள் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை.

ஐந்து நாள் கழித்து அவனுக்குப் பேச்சு வந்தது. கட்டிலருகே அவன் அம்மா இருந்தாள். நான் சுவரோரம் நின்றேன்.

“ஒரு துள்ளி வெள்ளம் குடிக்கான் தோணியில்லையோ மோனே?” என்று அவள் அழுதாள்.

அவன் நாக்கு புரளாமல் மெதுவாகச் சொன்னான். “அவன் விளிச்சான். நானாக்கும் போகாத்தது.”

குழம்பிப்போன மூளை, எதையோ மாற்றிச் சொல்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாகவும் இருந்தது. அவன் அம்மா என்னைப் பார்த்து, நீயாவது கூப்பிட்டாயே என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் போட்டிக்குப் போய் நான்காவதாக வந்தேன். வேலை கிடைத்தது. பந்தல்காரர் ஒப்புக்கு வருவார் என்று பயந்துகொண்டே இருந்தேன். வரவே இல்லை.

அவன் அதற்குப் பிறகு ஓடவில்லை. இடது காலை இழுத்து நடந்தான். பனச்சமூட்டில் மச்சினனின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தான். காலை எட்டு மணி வெயிலுக்கும் குடை பிடிப்பான். எல்லை எங்கே கிழித்தார்களோ கிழித்தார்கள், நாங்கள் இருவரும் திருவனந்தபுரத்துப் பக்கமே இருந்துவிட்டோம். வருடத்துக்கு இரண்டு முறையாவது அவனைப் பார்க்கப் போவேன். போனதும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பான். குடித்த பிறகுதான் பேச்சு.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த கோடையில், அவன் வீட்டு முன்னறையில் வைத்து வைத்த தண்ணீரைத் தொடாமலே ஒரு வழியாகச் சொல்லத் தொடங்கினேன். “அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீ சொன்னது உள்ளதில்ல. நான் உன்னை விளிக்கல்ல.”

“விளிக்கல்ல. கையைப் பிடிச்சு வலிச்சே. எனக்கு நல்ல ஓர்மை உண்டு.”

“பின்ன எதுக்கு அம்மைக்கிட்ட அப்படிச் சொன்னே?”

“அம்மை அறிஞ்சா ஊரு முழுக்க அறியும். நீ அந்த வாரம் ஓடவேண்டியவன். உனக்கு கீழ நாலு பேரு இருந்தானுவ.” குடையைச் சுவரில் சாய்த்து வைத்தான். கோபமாகப் பேசவில்லை. களைத்துப் பேசினான். “நீயாட்டு ஒரு நாள் வந்து சொல்லுவேன்னு நோக்கி இருந்தேன் மக்கா. ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னு நினைச்சேன். முப்பத்திநாலு வருஷம் ஆயிப்போச்சு.”

பிறகு டம்ளரை என் பக்கம் நகர்த்தினான்.

“வெள்ளம் குடி.”