இடுப்பு உயரத்தில் இருந்த முத்திரை

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், வெயிலையும் பஸ் நெரிசலையும் பொருட்படுத்தாமல் முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தாரின் வணக்கம். இம்மாதிரி மலர்களில் மறைந்தவரைப் பற்றி, அவர்மேல் யாரும் ஒரு குறை சொன்னதில்லை என்று எழுதுவது வழக்கம். எங்கள் அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியாது. இங்கே வந்திருக்கும் உங்களில் பலரே குறை சொல்லியிருக்கிறீர்கள். மூத்த மகளான நானும் சொல்லியிருக்கிறேன். அந்தக் குறையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இலை போடுவதற்குள் படித்து முடித்துவிடலாம்.

அப்பா பாகூரில் பிறந்தார். அவருடைய பிறப்புப் பத்திரம் பிரெஞ்சு மொழியில் இருக்கும். அதில் எழுதியிருக்கும் பெயர் தம்முடையதுதான் என்று அவருக்கே கடைசிவரை முழு நம்பிக்கை வந்ததில்லை. "பொறந்தது என்னமோ பிரெஞ்சுக்காரன் ஆட்சியில. பென்ஷன் மட்டும் வழி தெரியாம எதிர்வீட்டுக்குப் போயிடுச்சு" என்று, பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் எதிர்வீட்டுக்காரர் காதுபடவே சொல்லிச் சிரிப்பார். தாத்தா மில் தொழிலாளி. மில்லில் வேலை குறைந்து தாத்தா வீட்டில் உட்கார்ந்தபோது, பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு அப்பா வேலைக்குப் போனார். சேர்ந்த இடம், கரண்டு கம்பங்களுக்கு மருந்து ஏற்றும் கிடங்கு. முதல் நாள் செய்த வேலை சவுக்கு மரங்களுக்குப் பட்டை உரிப்பது.

இன்று எங்கும் சிமெண்டுக் கம்பங்களைப் பார்க்கும் பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம். அப்போது எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கு வெளிச்சம் வந்தது மரக் கம்பங்கள் வழியாக. சவுக்கு மரத்தை அப்படியே மண்ணில் நட்டால் இரண்டு மழைக்காலம் தாங்குவதே பெரிது. கறையான் தின்றுவிடும், அல்லது ஈரத்தில் மக்கிவிடும். அதனால் பட்டை உரித்து, காற்றுப் போகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மாதக்கணக்கில் காயவைப்பார்கள். பிறகு கம்பங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி நீண்ட இரும்பு உருளைக்குள் அனுப்பிக் கதவை முடுக்குவார்கள். முதலில் உள்ளேயிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மருந்துத் தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்துவார்கள். வெளியே வரும்போது கம்பம் இளம்பச்சையாக இருக்கும்.

இதில் ஒரு சங்கதி உண்டு. மருந்து மரத்தின் வெளிப்பகுதியில்தான் ஏறும். நடு வைரத்துக்குள் போகாது. வெளியே மருந்து ஏறிய பகுதி ஒரு சட்டைபோல மூடியிருக்கும்வரை உள்ளே இருப்பதற்கும் ஆபத்தில்லை. ஆகவே துளை போடுவதோ அறுப்பதோ எதுவானாலும் மருந்து ஏற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பின்னால் ரம்பம் வைத்தால் சட்டை கிழிந்த மாதிரிதான்.

பட்டை உரித்தவர் உருளைக் கதவருகே நிற்பவரானார், பிறகு சோதிப்பவரானார். மருந்து எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று துளைக் கருவியால் மரத்தைச் சிறு குச்சியாகத் துருவி எடுத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால்தான் கையில் சுத்தியலை எடுப்பார். அந்தச் சுத்தியலின் முகத்தில் அவருடைய எண் புடைத்திருக்கும். ஓங்கி ஓர் அடி அடித்தால் கம்பத்தில் எண் பதிந்துவிடும். முத்திரை எல்லாக் கம்பத்திலும் அடியிலிருந்து ஒரே அளவில்தான் பதிய வேண்டும். கம்பத்தை நட்ட பிறகு அது சராசரி ஆளின் நெஞ்சு உயரத்தில் நிற்கும். எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனாலும் வழியில் ஒவ்வொரு கம்பத்தையும் நெஞ்சால் உரசாத குறையாக நின்று பார்த்துவிட்டுத்தான் வருவார். "கம்பத்தக் கட்டிக்கிட்டு இருக்கலாம், எதுக்கு என்னைக் கட்டினீங்க?" என்று அம்மா கேட்பார்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அந்த விபத்து நடந்தது. லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு தெருவில் கம்பி மாற்றக் கம்பத்தில் ஏறியவர் கலியமூர்த்தி அவர்கள். கம்பம் நடும் காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவர். எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அந்தக் கூட்டத்துக்கு மேஸ்திரி. மாமாவை அங்கே சேர்த்துவிட்டதே அப்பாதான். காலை நேரம், ஏறி இடுப்புக் கயிற்றை மாட்டியிருக்கிறார். கம்பம் தரைமட்டத்தில் முறிந்து அவரோடு சேர்ந்து சாய்ந்தது. உயிர் தப்பியது, ஆனால் இடுப்பெலும்பும் வலது காலும் முறிந்தன. முறிந்த கம்பத்தில் இருந்தது அப்பாவின் எண்.

விசாரணை வந்தது. "இது உங்கள் முத்திரையா?" என்று கேட்டார்கள். "ஆமாம்" என்றார். "மருந்து சரியாக ஏறியிருந்தால் இத்தனை சீக்கிரம் முறியுமா?" என்றார்கள். "முறியாது" என்றார். மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம் எண் இருக்கும் எல்லாக் கம்பங்களின் அடியையும் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். சுத்தியலைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அதன்பின் ஓய்வு பெறும்வரை அப்பா அதே கிடங்கின் வாசலில், உள்ளே வரும் வண்டிகளைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

ஊர் சும்மா இருக்குமா? துட்டு வாங்கிக்கொண்டு மருந்து ஏறாத மரத்துக்கு முத்திரை அடித்தார் என்றார்கள். கல்யாண வீடுகளில் அப்பா வந்தால் பேச்சு நிற்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளே அதைக் கேட்டாள். அன்று வீட்டுக்கு வந்து, புத்தகப் பையைக் கழற்றாமலே அப்பாவிடம் சொன்னேன்: "ஒரே ஒரு வேலை. அதையாவது ஒழுங்கா செஞ்சிருக்கலாம்ல?"

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "செஞ்சிருக்கலாம்மா" என்றார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு, எனக்குப் பிடித்த பன்னும் வெண்ணெயும் வாங்கிவரக் கடைக்குப் போனார். நான் அதைச் சாப்பிடவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

இந்த மலருக்காக எல்லோரிடமும் ஆளுக்கு நாலு வரி நினைவுகள் கேட்டிருந்தேன். போன மாதம் மாமா லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். கையில் காகிதம் இல்லை. அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாமா எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்கு எழுத வராது பாப்பா. சொல்றேன், நீயே எழுதிக்க. அந்தக் கம்பத்த அறுத்தது நான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. கணக்கு டீச்சர் என்பதால் ஒவ்வொரு படியாகக் கேட்டேன். அந்தத் தெருவுக்கு வேண்டிய அளவைவிட நீளமான கம்பங்கள் வந்து இறங்கியிருந்தன. மாற்றித் தர நாளாகும் என்றார்கள், காண்ட்ராக்டரோ அவசரப்படுத்தினார். உச்சியில் கம்பி தாங்கும் சட்டத்துக்குத் துளை ஏற்கெனவே போட்டிருந்ததால் மேலே கை வைக்க முடியாது. அடியில் அறுத்துவிட்டார்கள்.

"அறுக்குறதுக்கு முன்னாடி அடி முனை பச்சையா இருந்துச்சு. உள்ளயும் அப்படியே மருந்து போயிருக்கும்னு நெனைச்சுட்டேன். அறுத்தப்புறம் பாத்தா நடுவுல வெள்ளையா இருக்கு. நட்டுட்டா மண்ணுக்குள்ள யாரு பாக்கப் போறான்னு நட்டுட்டோம். மொத்தம் ஏழு கம்பம்" என்றார் மாமா.

"அப்பாவுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியாம? விழுந்த மறுநாளே போய்ப் பாத்தாரு. முறிஞ்ச எடத்துலேர்ந்து முத்திரை வரைக்கும் கையால சாண் போட்டாரு. நெஞ்சு ஒயரத்துல இருக்க வேண்டியது இடுப்பு ஒயரத்துல இருந்துச்சு. என்னை ஒரு வார்த்தை கேக்கல. 'மச்சான், ஞாயித்துக்கெழமை சைக்கிள எடுத்துக்கிட்டு என்கூட வா. எந்தக் கம்பத்துல முத்திரை இடுப்புக்கு இருக்கோ, அங்க எறங்கி நில்லு, போதும்'னாரு. நான் நின்ன எடத்தையெல்லாம் சாக்பீஸால குறிச்சாரு. தோண்டிப் பாக்க வந்தவங்க அந்த ஆறையும் மொதல்ல புடுங்குனாங்க. எல்லாத்துக்கும் உள்ள பொக்கை. இன்னும் ஒரு மழை தாங்கியிருக்காது."

அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பாவை அவர் கேட்காத கேள்வியில்லை, கொட்டாத வார்த்தையில்லை. வெகுநேரம் கழித்துக் காப்பியோடு வந்தார். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை அவர் முன்னால் வைத்து, "ஆறிடும், குடி" என்றார். தம்பியோடு அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

எனக்கு அப்பாவின் மேலேதான் கோபம் வந்தது. மச்சானைக் காப்பாற்றுவதற்காகவா வாசலில் உட்கார்ந்து பதிவேடு எழுதினீர்கள்? நாங்கள் பட்ட பேச்சு உங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லையா? கம்பத்தோடு விழுந்த மனிதனுக்காவது உண்மை தெரிய வேண்டாமா? இந்த மலரில் எழுதுவதானால் முதலில் கலியமூர்த்தி அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுவேன் என்றேன். மாமா மறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு இருவரும் வில்லியனூர் போனோம்.

கலியமூர்த்தி அவர்கள் வாசலில் நாற்காலி போட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். விபத்துக்குப் பிறகு காண்ட்ராக்டர் அவருக்கு வைத்தியம் பார்த்து, உட்கார்ந்து செய்யும் வேலையாக ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை போட்டுத் தந்திருந்தார். அதில்தான் அவர் பிள்ளைகளைக் கரையேற்றினார். மாமா நின்றபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

கலியமூர்த்தி அவர்கள் மாமாவை உட்காரச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அது ரெண்டு ஆளு இழுக்குற ரம்பம்மா. ஒரு பக்கம் உங்க மாமா. இந்தப் பக்கம் யாரு இழுத்தா, அத சொல்லலியே அவரு" என்றார். "நான்தான். நான் அறுத்த கம்பத்துலதான் நான் ஏறினேன்."

மாமா குறுக்கே ஏதோ சொல்லப் போனார். அவர் கையமர்த்தினார்.

"ஆஸ்பத்திரியில காலத் தூக்கிக் கட்டிப் போட்டிருக்காங்க. உங்கப்பா வந்து பக்கத்துல உக்காந்தாரு. மனசு கேக்காம நானே சொல்ல வாயெடுத்தேன். 'சொல்லாதப்பா, நீ சொல்லிட்டா நாளைக்கு விசாரணையில நான் அத சொல்லித்தான் ஆகணும். நீங்களே அறுத்ததுன்னு தெரிஞ்சா காண்ட்ராக்டர் கை கழுவிடுவாரு. வைத்தியமும் போயிடும், வேலையும் போயிடும். இந்தக் காலோட எங்க போவ?'ன்னாரு. அதோட எழுந்து போயிட்டாரு. ஓய்வு பெத்ததுக்கு அப்புறமும் பொங்கலுக்குப் பொங்கல் வருவாரு. அந்தப் பேச்ச மட்டும் எடுத்ததே இல்ல. சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். அவரு முந்திக்கிட்டாரு."

அப்பா செய்தது சரியா, தவறா என்று இன்னும் என்னால் முடிவு கட்ட முடியவில்லை. கணக்கில் விடை வராமல் ஒரு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். அப்பா, இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

அப்பாவின் கடைசி நாட்கள் அதிக வேதனையின்றிக் கழிந்தன. மூச்சுத் திணறல் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆக்சிஜன் குழாயைப் பொருத்திய நர்ஸிடம், "இதுல மொதல்ல காத்த உறிஞ்சிட்டுத்தானே மருந்த விடுவீங்க?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை, இருந்தாலும் சிரித்தாராம். ஒன்பதாம் நாள் விடிந்த பிறகு, அம்மா முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் உயிர் பிரிந்தது.

அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அழைத்த உடனே ஆட்டோவோடு வந்து நின்ற தெருப் பிள்ளைகளுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் உலை வைக்க விடாத பக்கத்து வீட்டாருக்கும், பென்ஷன் கேலியையெல்லாம் பொறுத்துக்கொண்டு பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்த எதிர்வீட்டுப் பெரியவருக்கும் எங்கள் நன்றி. காரியங்களைக் குறைவின்றிச் செய்த என் தம்பிக்கும் நன்றி.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் மாமாவுக்கும் கலியமூர்த்தி அவர்களுக்கும் படித்துக் காட்டினேன். மாற்ற வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஒன்றுமில்லை, முடிவில் தங்கள் பெயர்களையும் போட வேண்டும் என்றார்கள். பெயருக்குப் பக்கத்தில் என்ன போட வேண்டும் என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

இப்படிக்கு,

மூத்த மகள்

மைத்துனர் – கம்பத்தை அறுத்தவர்

கலியமூர்த்தி – கம்பத்தை அறுத்தவர்