பஸ்ஸுக்கு எடுத்த சாம்பிள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனி. நான் அங்கே தரப் பரிசோதனை. காலேஜில் புள்ளியியல் படித்தவள். மூட்டை மூட்டையாகக் கொட்டுகிற மூடிகளில் ஒரு கையளவு எடுத்துப் பார்த்து, மொத்தமும் தேறுமா தேறாதா என்று சொல்வதுதான் என் வேலை. "கையளவு மூடியப் பாத்துட்டு லாரிக்கே கையெழுத்து போடுறியே, இன்னா தில்லுடி உனக்கு" என்று பேக்கிங் அக்கா தினமும் ஓட்டுவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அக்காவுக்குப் பொன்னேரி தாண்டி ஒரு ஊர். காலையில் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு மதியம் செகண்ட் ஷிப்டுக்கு வருவார். ஷிப்ட் முடிந்து ராத்திரி வீட்டுப் பக்கம் கொண்டுபோய் விட ஊருக்கு ஒன்றாகக் கம்பெனி பஸ் இருந்தது. அந்த பஸ்களை நிறுத்தலாமா என்று ஆபீஸில் பேசுகிறார்கள் என்று தெரிந்த அன்றைக்கு அக்கா என்னை ஓட்டவே இல்லை. "பஸ்சு நின்னா நானும் ஊட்டோட நின்னுட வேண்டியதுதான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹெச்.ஆர். சார் தங்கமான மனுஷன். ஆனால் அவசரக்காரர். எல்லாரையும் கேட்க நேரமில்லை, கொஞ்சம் பேரைக் கேட்டு முடிவு செய்வோம் என்று சாயங்காலம் கேட்டில் போய் நின்றுவிட்டார். அது ஆபீஸ்காரர்கள் வீட்டுக்குப் போகிற நேரம். பாதிப் பேர் கையில் ஹெல்மெட். பஸ் எதுக்கு சார் என்றார்கள். செகண்ட் ஷிப்ட் முழுக்க உள்ளே மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. கையில் சிக்கியவரைப் பிடித்துக் கேட்பது இன்றைக்குச் சாம்பார் எப்படி என்று தெரிந்துகொள்ளப் போதும், ஒருத்தியின் பிழைப்பை முடிவு செய்யவா போதும்? நேராகப் போய்ச் சத்தம் போட்டேன்.

"சரிம்மா, கோவப்படாத. செகண்ட் ஷிப்ட்லயே பத்துக்கு ஒருத்தர்னு எண்ணிக் கேக்குறேன்" என்றார்.

அது நல்ல முறைதான். கலந்துகட்டி வருகிற பொருளுக்கு நானே அப்படித்தான் எடுப்பேன். ஆனால் எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்டுக்கு முன்னால் எல்லாரும் வரிசை கட்டி நின்று, கையைக் காலை ஆட்டி உடற்பயிற்சி செய்து, பாதுகாப்பு உறுதிமொழி சொல்ல வேண்டும். வரிசைக்குப் பத்துப் பேர். ஒவ்வொரு வரிசைக்கும் முதல் ஆளாக அதை மேய்க்கிற லைன் லீடர். சார் முதல் வரிசையின் தலையில் தொடங்கி எண்ணிக்கொண்டே போனார். அவர் விரல் நின்ற இடத்தில் எல்லாம் லைன் லீடர். அத்தனை பேருக்கும் பைக் இருக்கிறது. அத்தனை பேரும் பஸ் வேண்டாம் என்றார்கள்.

கோபம் போய் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரை மெஷினுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "இதுல ஒரு தடவைக்கு எட்டு மூடி வரிசையா விழுது சார். எட்டாவது எட்டாவதா எடுத்தா ஒரே அச்சோட மூடிதான் காலம் பூரா கையில வரும்." அவர் விழுகிற மூடிகளை எட்டு வரைக்கும் எண்ணிப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அவரும் சிரித்தார்.

"அப்ப ஒரே குலுக்கலா போட்டுடலாமா?"

"எல்லாரும் ஒரே நிலைமைன்னா அது போதும் சார். இங்க கும்மிடிப்பூண்டிக்காரங்க நடந்தே போயிடுவாங்க, பொன்னேரி பக்கம் வேற கதை. மொதல்ல பிரிங்க. அப்புறம் ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளயும் தலைக்கணக்குக்கு ஏத்தாப்பல சீட்டு குலுக்கி எடுங்க."

"ஒரு பஸ்ஸப் புடிச்சு அதுல இருக்கறவங்க எல்லாரையும் கேட்டா?"

"ஒவ்வொரு பஸ்லயும் எல்லா ஊரும் கலந்து ஏறுனா சுலபம்தான். நம்ம பஸ்ஸு ஒவ்வொண்ணும் ஒரு ஊரு சார்."

குலுக்கலில் வருகிற பொன்னேரி பக்கத்து ஆட்களில் பாதிக்கு மேல் பஸ் வேண்டும் என்று சொன்னால் பொன்னேரி பஸ் ஓடும் என்று சார் வாக்குக் கொடுத்தார். கேன்டீனில் காலி சாம்பார் வாளியைக் கழுவித் துடைத்து, அந்தப் பக்கத்து ஆட்களின் பேர் எழுதிய சீட்டுகளைப் போட்டோம். "என் சீட்ட மேலாப்பல போடுடி" என்று அக்கா காதைக் கடித்தார். "நான் கை வச்சா அப்புறம் அது சாம்பிளே இல்லக்கா" என்றேன். சார் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். அக்கா பேர் வரவில்லை.

"என் பொழப்பு, என்னையே கேக்கல பாத்தியா" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து போனார். படித்தது எல்லாம் சரி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வாளியில் மிச்சமிருந்த சீட்டுகளைக் கிளறி அக்கா பேரைத் தேடினேன்.

மறுநாள் உடற்பயிற்சி வரிசையில் சார் சொன்னார்: பொன்னேரி பஸ் ஓடும். கேட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே, பஸ் நின்றால் வேலையை விட்டுவிடுவோம் என்று சொன்னார்களாம். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. உறுதிமொழியை இரண்டு மடங்கு சத்தமாகச் சொன்னேன்.

பேக்கிங் மேஜைக்கு ஓடினால், அக்கா மூடியைத் தொடாமல் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாருக்கும் இதே கதைதானாடி? எனக்கு மட்டுந்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"நாங்களும் அப்படித்தான்க்கா நெனச்சிக்கினு இருந்தோம்" என்றாள் எதிரே இருந்தவள்.